மறுநிறுவலைச் சோதித்துப் பார்த்தவர்கள் யாராவது? (கூடவே ஒரு பூட் தாமதப் பிரச்சினை)

ராக்கோழி:

வெற்று வட்டில் இயங்குதளம் போடுவதை இங்கே எல்லாரும் செய்திருப்போம். பென் டிரைவைச் செருகி நாலு தடவை 'அடுத்து' அழுத்தினால் முடிந்தது, அதில் சோதிக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. நான் கேட்பது வேறு. மூன்று வருடம் குடித்தனம் நடத்திய வட்டில், ரூட் பகிர்வை (இயங்குதளம் இருக்கும் வட்டுப் பகுதி) மட்டும் அழித்து, ஹோம் பகிர்வை (நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் பகுதி) தொடாமல், அதே இயங்குதளத்தைத் திரும்பப் போட்டு, மறுநாள் காலை வழக்கம்போல வேலைக்கு உட்கார முடிகிறதா என்று, எதுவும் கெட்டுப்போகாத நேரத்திலேயே, சும்மா ஒரு ஒத்திகையாக யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

நான் போன வாரம் செய்தேன். என் மேசைக் கணினியில் 512 ஜிபி எஸ்எஸ்டி. அதில் ஒரு இஎஃப்ஐ பகிர்வு (கணினியைக் கிளப்பும் கோப்புகளுக்கு), 60 ஜிபி ரூட், 300 ஜிபி ஹோம், 8 ஜிபி ஸ்வாப் (நினைவகம் போதாதபோது கைகொடுக்கும் இடம்), மீதியில் அவசரத்துக்கென்று இன்னொரு லினக்ஸ். இரண்டும் டெபியன் வழி வந்தவைதான். முதல் சுற்று மெய்நிகர் இயந்திரத்தில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி), இரண்டாவதும் மூன்றாவதும் நிஜ வட்டில். பேக்கப் எடுத்துவிட்டுத்தான் தொட்டேன், அதைப் பற்றி யாரும் திட்ட வேண்டாம்.

செய்த ஒரு நல்ல காரியம்: மறுநிறுவலுக்கு முன்னால் ஹோமில் இருந்த ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 கூட்டுத்தொகை (கோப்பு துளி மாறினாலும் மாறிவிடும் கைரேகை மாதிரி) எடுத்து ஒரு பட்டியலாக வெளியே வைத்துக்கொண்டேன். நிறுவி முடித்ததும் புது இயங்குதளத்துக்குள் நுழையாமல், மறுபடி பென் டிரைவிலிருந்தே லைவாகக் கிளப்பி, பட்டியலோடு ஒப்பிட்டேன். உள்ளே ஒரு தடவை லாகின் செய்துவிட்டால் அமைப்புக் கோப்புகள் நூற்றுக்கணக்கில் மாறிவிடும், அப்புறம் நிறுவி (நிறுவும் நிரல்) மாற்றியது எது, நாம் மாற்றியது எது என்று பிரித்தறிய முடியாது. ஒரு கோப்புகூட மாறவில்லை. அந்த வகையில் பாஸ்.

ஆனால் கோப்புகள் பத்திரமாக இருப்பதும் வேலை நடப்பதும் ஒன்றல்ல என்று அடுத்த ஒரு மணி நேரத்தில் புரிந்தது. வைஃபை கடவுச்சொல் போயிற்று, பிரிண்டர் போயிற்று, இரவு 2 மணிக்கு ஓடும் கிரான் வேலை போயிற்று, யூஎஸ்ஆர் லோக்கல் அடைவில் நானே எழுதி வைத்திருந்த ஏழெட்டு ஸ்கிரிப்டுகள் போயின. எல்லாம் ரூட்டில் இருந்தவை. ஹோம் இருக்கிறது, ஹோம் இருக்கிறது என்று நெஞ்சில் தட்டிக்கொண்டிருந்தேன், வீட்டுச் சாவி வெளியே இருந்தது.

சரி, இப்போது பிரச்சினை. மறுநிறுவல் செய்த இயங்குதளம் ஜோராகக் கிளம்புகிறது. நான் தொடவே தொடாத அந்த இன்னொரு லினக்ஸ்தான் கிளம்ப இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுக்கிறது. முன்பு இருபது வினாடிகூட ஆகாது. அதன் பகிர்வில் நான் கைவைக்கவே இல்லை என்று சத்தியம் செய்வேன். என்னவாக இருக்கும்?

பனங்காட்டுநரி:

ஒன்றும் கெடாத கணினியை நீங்களே கெடுத்துவிட்டு, அப்புறம் ஏன் கெட்டது என்று இங்கே வந்து கேட்கிறீர்கள். பதினைந்து வருடமாக இயங்குதளம் போட்டுக்கொண்டிருக்கிறேன், ஒத்திகை எல்லாம் பார்த்ததில்லை. பேக்கப் இருக்கிறதா, அவ்வளவுதான் கேள்வி. இருந்தால் எப்போது வேண்டுமானாலும் அழித்துப் போடலாம். வட்டு சாகிற அன்றைக்கு எப்படியும் மறுநிறுவல் செய்யத்தானே போகிறோம், அதை இரண்டு தடவை செய்வானேன்?

கறுப்புத்திரை:

ராக்கோழி, இரண்டு இயங்குதளமும் ஒரே ஸ்வாப் பகிர்வைப் பயன்படுத்துகின்றனவா? அந்த மெதுவான லினக்ஸில் ஃப்ரீ கட்டளை கொடுத்தால் ஸ்வாப் வரிசையில் எவ்வளவு காட்டுகிறது? தாமதம் எந்த இடத்தில் வருகிறது என்பதையும் பாருங்கள். பூட் ஆகும்போது வருகிற அந்த அழகான லோகோவை எஸ்கேப் அழுத்தி விலக்கிவிட்டு எழுத்துகளைப் படியுங்கள்.

ராக்கோழி:

ஸ்வாப் பூஜ்யம் காட்டுகிறது! இதுவரை நான் கவனிக்கவே இல்லை. ஆமாம், ஒரே 8 ஜிபிதான், இரண்டுக்கும் பொது.

பூட் எழுத்துகள்: முதலில் ஏறக்குறைய அரை நிமிடம் ஒன்றும் நடக்காமல் நிற்கிறது, பிறகு துயில் நிலையிலிருந்து மீட்கும் சாதனத்துக்காகக் காத்திருந்து கைவிட்டதாக ஒரு வரி வருகிறது. அதற்கப்புறம் ஒரு சாதனத்துக்காகக் காத்திருக்கும் வேலை ஓடுவதாகக் காட்டி 1 நிமிடம் 30 வினாடி வரை எண்ணுகிறது. சாதனத்தின் பெயர் என்று ஒரு நீளமான எண்ணெழுத்துக் கோவை.

பனங்காட்டுநரி அண்ணா, பேக்கப் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, அந்த பேக்கப்பிலிருந்து எழுந்து வர எத்தனை மணி நேரம் ஆகும் என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லாததால்தான் இதைச் செய்தேன்.

கறுப்புத்திரை:

அப்படியென்றால் அதேதான். மறுநிறுவலின்போது நிறுவி அந்த ஸ்வாப் பகிர்வைக் கண்டுபிடித்து, தனக்கும் பயன்படும் என்று மறுபடி பார்மட் செய்துவிட்டது. டெபியன் குடும்பத்து நிறுவிகள் பலவற்றில் இது இயல்பான நடத்தை. சுருக்கத் திரையில் எந்தெந்தப் பகிர்வு பார்மட் ஆகப்போகிறது என்று கடைசியாக ஒரு பட்டியல் காட்டுமே, அதில் ஸ்வாப்பும் இருந்திருக்கும். நாம் எல்லாரும் ஹோம் அதில் இல்லை என்பதை மட்டும் பார்த்துவிட்டு 'சரி' அழுத்துகிற ஜாதி.

பார்மட் ஆனால் யூயூஐடி, அதாவது அடையாள எண், மாறும். புதுசாக நிறுவிய இயங்குதளத்துக்குப் புது அடையாளம் தெரியும். பக்கத்து இயங்குதளத்தின் எஃப்எஸ்டேப் கோப்பில் (எந்தப் பகிர்வை எங்கே இணைப்பது என்ற பட்டியல்) பழைய அடையாளம்தான் எழுதியிருக்கிறது. அது இல்லாத ஸ்வாப்பைத் தேடித் தேடி, சிஸ்டம்டியின் (லினக்ஸில் சேவைகளைக் கிளப்பும் நிரல்) இயல்பு வரம்பான 90 வினாடி வரை காத்திருந்துவிட்டுக் கைவிடுகிறது. அந்த 90 வினாடி எண்ணிக்கையைக் கண்டாலே முதலில் எஃப்எஸ்டேப்பைப் பாருங்கள், பாதி நேரம் வியாதி அங்கேதான்.

புதுவரவு:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் கற்றுக்கொண்டிருப்பவன். ஸ்வாப்பில் நிரந்தரமாக எந்தத் தரவும் இல்லை அல்லவா. எம்கே ஸ்வாப் கட்டளையில் நமக்கு வேண்டிய யூயூஐடியையே கொடுத்து பார்மட் செய்யலாம் என்று படித்தேன். பழைய எண்ணையே திருப்பிக் கொடுத்துவிட்டால் எந்தக் கோப்பையும் திருத்தாமல் ஒரே கட்டளையில் முடிந்துவிடுமே?

கறுப்புத்திரை:

நல்ல யோசனைதான் தம்பி, ஒரு லினக்ஸ் மட்டும் இருந்தால். இங்கே புதிதாக நிறுவியது ஏற்கெனவே புது எண்ணைத் தன் எஃப்எஸ்டேப்பில் எழுதி வைத்துவிட்டதே. பழைய எண்ணைத் திருப்பிக் கொடுத்தால் அது குணமாகும், இது படுத்துக்கொள்ளும். தலைவலி இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போகும், அவ்வளவுதான்.

பழையபேட்டரி:

எஃப்எஸ்டேப்பில் யூயூஐடிக்குப் பதில் பார்ட்யூயூஐடி எழுதினால் இந்தத் தொல்லையே வராது. யூயூஐடி என்பது கோப்பு முறைமைக்கோ ஸ்வாப்புக்கோ உள்ளே எழுதப்படுவது, பார்மட் செய்தால் புதிதாகப் பிறக்கும். பார்ட்யூயூஐடி ஜிபிடி பகிர்வு அட்டவணையில் இருப்பது, பகிர்வையே அழித்து மறுபடி உருவாக்கினால் ஒழிய மாறாது. ஒரே வட்டில் இரண்டு மூன்று லினக்ஸ் வைத்துக்கொண்டு அடிக்கடி அழித்துப் போடுகிற என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் நிம்மதி. இல்லையென்றால் ஆளுக்கொரு ஸ்வாப் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள், பொதுவில் வைப்பதால் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. ஒன்றை ஹைபர்னேட்டில் (நினைவகத்தை ஸ்வாப்பில் எழுதிவிட்டு உறங்குவது) போட்டுவிட்டு மற்றதைக் கிளப்பினால் ஸ்வாப்பில் இருந்த உறக்கப் பிம்பம் போச்சு, அது இன்னொரு வம்பு.

ராக்கோழி:

கறுப்புத்திரை சொன்னபடி எஃப்எஸ்டேப்பைத் திருத்தினேன். அந்த ஒன்றரை நிமிடம் காணாமல் போயிற்று, ஸ்வாப் 8 ஜிபி வந்துவிட்டது. ஆனால் முதலில் வரும் அந்த அரை நிமிடம் அப்படியே நிற்கிறது. பாதி வெற்றி.

கறுப்புத்திரை:

அதைச் சொல்ல மறந்துவிட்டேன், மன்னிக்கவும். அது வேறு இடம். எஃப்எஸ்டேப்பைப் படிப்பதற்கு முன்னாலேயே, இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் ஒரு சின்னப் பிம்பம்) கட்டத்தில், உறக்கத்திலிருந்து மீள வேண்டுமா என்று பார்க்க ஸ்வாப்பைத் தேடுகிறது. அந்த எண் இடிசி அடைவுக்குள் இனிட்ராம்எஃப்எஸ் கருவிகளின் கான்ஃப்.டி உள்ளடைவில் ரெஸ்யூம் என்ற கோப்பில் இருக்கும். அங்கேயும் பழைய எண்தான் இருக்கும். திருத்திவிட்டு இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்கும் கட்டளையைக் கண்டிப்பாக ஓட்டுங்கள். கோப்பை மட்டும் மாற்றி விட்டுவிட்டால் பிம்பத்துக்குள் பழையதே இருக்கும்.

ராக்கோழி:

18 வினாடி! நன்றி, நன்றி.

இதில் எனக்குப் பட்டது ஒன்று. இதையே மெய்நிகர் இயந்திரத்தில் மட்டும் சோதித்திருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது. அங்கே பக்கத்து வீடே கிடையாதே.

பழையபேட்டரி:

அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். மெய்நிகர் சோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டுத் தைரியமாகப் பரிசோதிக்கலாம், பாதி நிறுவலில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதைக்கூடப் பார்க்கலாம். நான் பார்த்தேன்: 60 சதவீதத்தில் இயந்திரத்தைப் பட்டென்று அணைத்தேன். ரூட் அதற்குள் பார்மட் ஆகிவிட்டதால் எதுவும் கிளம்பவில்லை, ஹோமில் இருந்தது அப்படியே இருந்தது, மறுபடி முதலிலிருந்து நிறுவியதும் வந்துவிட்டது. நிஜ வட்டில் அதைச் செய்ய எனக்குத் துணிச்சல் கிடையாது.

ஆனால் இரண்டு விஷயம் மெய்நிகரில் ஏமாற்றும். ஒன்று ஃபர்ம்வேர், அதாவது இயங்குதளத்துக்கு முன்னால் ஓடிக் கணினியைக் கிளப்பும் மென்பொருள். விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மெய்நிகர் இயந்திர மென்பொருளில் இஎஃப்ஐ என்ற பெட்டியில் டிக் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது இல்லாமல் பழைய பயாஸ் முறையில் நிறுவிப் பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று முடிவு கட்டினால், உங்கள் நிஜக் கணினி யூஇஎஃப்ஐ என்றால், நீங்கள் சோதித்தது வேறொரு கணினியை. இஎஃப்ஐ பகிர்வில் ஒவ்வொரு இயங்குதளமும் தனக்கென ஒரு அடைவு வைத்துக்கொள்ளும். உபுண்டுவும், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட மின்ட்டும் ஒரே 'உபுண்டு' என்ற பெயரில்தான் வைக்கும். இரண்டையும் ஒரே வட்டில் வைத்திருந்து ஒன்றை மறுநிறுவல் செய்தால், பூட் பட்டியலில் ஒரே பெயர்தான் இருக்கும், அது கடைசியாக நிறுவியதைத்தான் கிளப்பும். மற்றது செத்துவிட்டது என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு. சாகவில்லை, வாசல் பெயர்ப்பலகை மாறிவிட்டது.

இன்னொன்று வட்டே தெரியாமல் போவது. இன்டெல் கணினிகளில் சேமிப்பகம் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி முறையில் இருந்தால் நிறுவிக்கு என்விஎம்இ வட்டு கண்ணில் படாமல் போகலாம். விண்டோஸ் 11 நிறுவியிலும் இதற்கான டிரைவரைத் தனியாகக் காட்ட வேண்டிவரும். இது தெரிய வேண்டிய நாள் ஒத்திகை நாள். வட்டு செத்து, கையில் ஒரு கணினியும் இல்லாமல், போனில் தேடிக்கொண்டிருக்கிற நாள் அல்ல.

கணக்குப்பிள்ளை:

எல்லாரும் லினக்ஸையே பேசுகிறீர்கள், நான் விண்டோஸ்காரன், எனக்கும் ஒரு ஓரத்தில் இடம் கொடுங்கள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால் என்னைச் சுற்றி இருப்பவர்கள் எல்லாம் 11-க்கு மாற ஆரம்பித்தார்கள், நானும்தான். என் கணினியில் டிபிஎம் 2.0 (11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு) இருந்ததால் தடை இல்லை. மேம்படுத்தாமல் சுத்தமாக அழித்துப் போடலாம் என்று ஒரு ஆசை. அதற்கு முன்னால் 'இந்தக் கணினியை மீட்டமை' என்பதில் 'என் கோப்புகளை வைத்திரு' என்ற வழியைச் சோதித்துப் பார்த்தேன். பெயரைக் கேட்டால் எல்லாம் இருக்கும் போலத் தோன்றும். கோப்புகள் இருக்கும், நீங்களாக நிறுவிய மென்பொருள்கள் இருக்காது. நீக்கியவற்றின் பட்டியலை டெஸ்க்டாப்பில் ஒரு கோப்பாக வைத்துவிட்டுப் போகும், அவ்வளவு மரியாதை. மென்பொருள்களும் இருக்க வேண்டும், விண்டோஸை மட்டும் புதுப்பிக்க வேண்டும் என்றால், ஓடிக்கொண்டிருக்கிற விண்டோஸுக்குள்ளிருந்தே ஐஎஸ்ஓவை (நிறுவல் வட்டின் பிம்பக் கோப்பு) திறந்து செட்டப்பை ஓட்டி, கோப்புகளும் ஆப்களும் இருக்கட்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

நான் மாட்டிக்கொண்டது வேறொன்றில். என்னுடைய கணக்கு மென்பொருளின் உரிமம் அந்த நிறுவலோடு கட்டப்பட்டது, அழிப்பதற்கு முன்னால் உள்ளே போய் உரிமத்தை விடுவிக்க வேண்டுமாம். நான் விடுவிக்காமல் அழித்துவிட்டேன். இயங்குதளம் போட அரை மணி நேரம், அந்த உரிமத்தைத் திரும்ப வாங்க நாலு நாள். தப்பு என்னுடையதுதான், உதவிப் பக்கத்தில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். விண்டோஸின் சொந்த உரிமம் அப்படியில்லை. ஏற்கெனவே செயல்படுத்தப்பட்ட அதே கணினியில், அதே பதிப்பைப் போட்டால், சாவி இல்லை என்று சொல்லித் தாண்டிவிடலாம், இணையத்தில் இணைந்ததும் அதுவே செயலுக்கு வந்துவிடும்.

விண்டோஸின் வட்டுக் குறியாக்கமான பிட்லாக்கரின் சாவியை மட்டும் வெளியே எழுதி வையுங்கள். 48 இலக்கம். நான் குறியாக்கம் எதையும் போடவே இல்லையே என்று சொல்லாதீர்கள். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைச் சுத்தமாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், கணினி தகுதியானதாக இருக்கும்பட்சத்தில், சாதனக் குறியாக்கம் தானாகவே ஓட ஆரம்பிக்கும். அப்புறம் ஒருநாள் பென் டிரைவில் கிளப்பிக் கோப்பை எடுக்கலாம் என்று போனால் அந்த 48 இலக்கத்தைக் கேட்கும்.

பனங்காட்டுநரி:

இந்த உரிமச் சங்கதி நியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லினக்ஸில் அந்த வம்பு இல்லையே. நிறுவிய மென்பொருள் பொதிகளின் பட்டியலை ஆப்ட்-மார்க் கட்டளையில் எடுத்து வைத்துக்கொண்டால் போதும், திரும்ப ஒரே கட்டளையில் எல்லாம் வந்துவிடும். ஹோமை பேக்கப்பிலிருந்து கொட்டினால் முடிந்தது.

ராக்கோழி:

அண்ணா, அதையும் செய்து பார்த்தேன், மூன்றாவது சுற்றில். கையால் நிறுவியவை என்று அது கொடுத்த பட்டியலில் ஏறக்குறைய 180 பெயர். அதில் பாதி, நிறுவி தானாகப் போட்டவை. நான் வேண்டுமென்று போட்டவை நாற்பதுதான் தேறும். அந்த நாற்பதைப் பொறுக்கி எடுக்க ஒரு மணி நேரம். வெளிக்களஞ்சியங்களிலிருந்து போட்டவை அந்தக் களஞ்சியத்தைச் சேர்க்கும்வரை வராது, ஒரே ஒரு பெயர் கிடைக்காவிட்டாலும் கட்டளை மொத்தமாக நின்றுவிடும். பிளாட்பேக் என்ற வேறொரு முறையில் போட்டவை இந்தப் பட்டியலில் வரவே வராது. அவற்றின் தரவு மட்டும் ஹோமில் மறை அடைவில் இருப்பதால், ஆப்பை மறுபடி போட்டதும் பழைய அமைப்பு அப்படியே வந்து நின்றது. அது ஒரு இன்ப அதிர்ச்சி.

ஹோம் பற்றி நான் பட்ட பாட்டை இங்கே கொட்டிவிடுகிறேன். மூன்றாவது சுற்றில் புத்திசாலித்தனமாக நிறுவலின்போது 'சோதனை' என்று ஒரு பயனரைப் போட்டேன், உள்ளே போய் என் பெயரில் இரண்டாவது பயனரை உருவாக்கிக்கொள்ளலாம் என்று. என் பெயரில் நுழைந்தால் ஒரு கணம் கறுப்பாகி மறுபடி லாகின் திரைக்கே வந்துவிடுகிறது. கடவுச்சொல் தப்பு என்றுகூடச் சொல்லவில்லை. அரை மணி நேரம் கிராபிக்ஸ் டிரைவரைச் சந்தேகித்தேன்.

கறுப்புத்திரை:

யூஐடி 1000.

ராக்கோழி:

ஆமாம். முதல் பயனருக்கு யூஐடி, அதாவது பயனர் எண், 1000, அடுத்தவருக்கு 1001. என் கோப்புகள் எல்லாம் பழைய 1000-க்குச் சொந்தம். ஆகவே 'சோதனை' என்கிற யாரோ என் வீட்டுக்கு உரிமையாளர், நான் என் வீட்டு வாசலில் நிற்கிறேன். லினக்ஸுக்குப் பெயர் முக்கியமில்லை, எண்தான். பயனரை உருவாக்கும்போதே இந்த ஹோம் அடைவு உங்களுடையது அல்ல என்று எச்சரிக்கை வந்திருக்கிறது, நான் படிக்கவில்லை.

அதைச் சரிசெய்து உள்ளே போனால் கீரிங் (கடவுச்சொற்கள் இருக்கும் பெட்டகம்) பூட்டியிருக்கிறது. இந்தத் தடவை லாகினுக்குப் புதுக் கடவுச்சொல் வைத்தேன், கீரிங்கோ பழைய கடவுச்சொல்லால் பூட்டியது. பழையதைக் கேட்கிறது. நல்லவேளை நினைவிருந்தது. தொல்லை தாங்காமல் அந்தக் கோப்பை அழித்துவிட்டால் குரோமியம் உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திறக்கிற சாவியும் அதோடு போய்விடும், யாரும் அவசரப்பட்டு அழிக்காதீர்கள்.

புதுவரவு:

எனக்கு ஃபயர்பாக்ஸில் ஒரு வினோதம் நடந்தது, இதோடு சம்பந்தம் உண்டா பாருங்கள். ஹோமை வைத்துக்கொண்டு ஒரு வருடப் பழைய ஐஎஸ்ஓவால் மறுநிறுவல் செய்தேன். ஃபயர்பாக்ஸைத் திறந்தால், நீங்கள் பழைய பதிப்பைத் திறக்கிறீர்கள், புது புரொஃபைல் உருவாக்கு என்கிறது. புக்மார்க் எல்லாம் போச்சு என்று ஆடிப்போய்விட்டேன்.

பழையபேட்டரி:

போகவில்லை. 2019-இல் வந்த 67-ஆம் பதிப்பிலிருந்து அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. புதிய பதிப்பு எழுதிய புரொஃபைலைப் பழைய பதிப்பு திறந்து கெடுத்துவிடக்கூடாது என்பதற்காக. புது புரொஃபைல் உருவாக்காமல் மூடிவிட்டு, முதலில் எல்லாப் புதுப்பிப்புகளையும் போட்டுவிட்டு அப்புறம் திறந்தால் பழையது அப்படியே வரும். ஹோமைக் காப்பாற்றி மறுநிறுவல் செய்பவர்களுக்குப் பொதுவான விதி இது: உள்ளே எந்த ஆப்பையும் திறப்பதற்கு முன் புதுப்பித்துவிடுங்கள். இன்னொன்று, டெஸ்க்டாப் ஏதாவது கோணலாக நடந்தால் உடனே இயங்குதளத்தைக் குறை சொல்லாமல் புதிதாக ஒரு பயனரை உருவாக்கி அதில் பாருங்கள். அதில் ஒழுங்காக இருந்தால் கோளாறு உங்கள் பழைய அமைப்புக் கோப்புகளில். மறுநிறுவல் செய்தும் அதே வியாதி திரும்ப வருகிறது என்று புலம்புபவர்களில் பலர் வியாதியை ஹோமில் வைத்துக் கூடவே கொண்டுவந்தவர்கள்.

கறுப்புத்திரை:

பேக்கப்பைக் கொட்டினால் முடிந்தது என்ற நரி அண்ணனுக்கு ஒரு கேள்வி. அந்த பேக்கப் எந்தக் கோப்பு முறைமையில் இருக்கிறது, எப்படி நகல் எடுத்தீர்கள்?

பனங்காட்டுநரி:

வெளி ஹார்ட் டிஸ்க், எக்ஸ்ஃபேட். ஹோமுக்குள் போய் எல்லாவற்றையும் நட்சத்திரக்குறி போட்டு நகல். எளிமை.

கறுப்புத்திரை:

அண்ணா, நட்சத்திரக்குறி புள்ளியில் தொடங்கும் பெயர்களைப் பிடிக்காது. எஸ்எஸ்எச் (வேறு கணினிக்குள் நுழையும் வழி) சாவிகள், ஜிபிஜி, மொஸில்லா, கான்ஃபிக், எதுவும் உங்கள் பேக்கப்பில் இருக்காது. அடைவுகளுக்கு உள்ளே இருக்கிற புள்ளிக் கோப்புகள் வரும், மேல்மட்டத்தில் இருப்பவை வராது. இனி அவற்றைச் சேர்த்து எடுத்தாலும் எக்ஸ்ஃபேட்டில் லினக்ஸ் அனுமதிகள் தங்காது. திரும்பக் கொட்டியதும் சாவிக் கோப்பு எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்லி எஸ்எஸ்எச் அதைத் தொட மறுக்கும். அனுமதியை 600-க்கு (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) மாற்றினால் சரியாகிவிடும், சின்ன வேலை. சிம்லிங்குகள் (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்புகள்) போனது போனதுதான். ஆர்சிங்க் என்ற நகல் கருவியை உரிய கொடிகளோடு எக்ஸ்ட்4 வட்டுக்கு (லினக்ஸின் கோப்பு முறைமை) ஓட்டுங்கள், அல்லது போர்க், ரெஸ்டிக் மாதிரி ஒரு பேக்கப் கருவி.

அதுபோகட்டும், ஏதாவது தரவுத்தளம் ஓடுகிறதா உங்களிடம்?

பனங்காட்டுநரி:

இரண்டு நிமிடம் பொறுங்கள், பார்த்துவிட்டு வருகிறேன்.

பனங்காட்டுநரி:

இரண்டு நிமிடம் என்று சொல்லிவிட்டு மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. புள்ளிக் கோப்பு ஒன்றுகூட பேக்கப்பில் இல்லை. நான்கு வருடமாக அதே கட்டளை, அதே ஹார்ட் டிஸ்க்.

போஸ்ட்கிரெஸ் ஓடுகிறது. தரவு முழுக்க வார் லிப் அடைவுக்குள், அதாவது ரூட்டில். ஹோம் தனியாக இருந்தாலும் பிரயோஜனம் இல்லாத இடம். ஒன்றரை வருடக் குறிப்புகள் அதில் இருக்கின்றன. டாக்கர் (மென்பொருளைத் தனி அறையில் ஓட்டும் கருவி) தரவு வைக்கும் வால்யூம் இரண்டு, அதுவும் வார் லிப்புக்குள்தான். இடிசியில் நான் கைவைத்த அமைப்புக் கோப்புகள் எத்தனை என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன்.

பதினைந்து வருடம் என்று பீற்றிக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் அந்தப் பதினைந்து வருடத்தில் நான் செய்தவை எல்லாம் புதுக் கணினி வாங்கிப் புதிதாகப் போட்டவை. பழையது பக்கத்திலேயே உயிரோடு இருந்திருக்கிறது, எது விட்டுப்போனாலும் அதில் போய் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அழித்துவிட்டு அதன்மேல் போட்டதே இல்லை.

பழையபேட்டரி:

அதுதான் அண்ணா சரியான முறையே! தெரியாமலேயே செய்திருக்கிறீர்கள். நான் இப்போதெல்லாம் ஒத்திகைக்கு வட்டை அழிப்பதில்லை. ஓடுகிற எஸ்எஸ்டியைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, பழைய சின்ன எஸ்எஸ்டி ஒன்றை மாட்டி, பேக்கப்பை மட்டும் வைத்துக்கொண்டு எழுப்பிப் பார்ப்பேன். ஒரு முழு வேலைநாள் அதில் ஓட்டுவேன். ஏதாவது இல்லையென்று தெரிந்தால் பழையதை மாட்டி எடுக்கக்கூடாது, குறித்து மட்டும் வைக்க வேண்டும், இதில் ஏமாற்றினால் ஒத்திகைக்கு அர்த்தமே இல்லை. மாலையில் பழையதைத் திரும்ப மாட்டிவிட்டு, விட்டுப்போனதை பேக்கப்பில் சேர்ப்பேன். இது ராக்கோழி செய்த மாதிரி ஹோமை வைத்துக்கொண்டு ரூட்டை மட்டும் அழிக்கும் சோதனைக்குப் பதிலாகாது, அந்த ஸ்வாப் கூத்தெல்லாம் இதில் வராது. ஆனால் வட்டு சாகிற நாளுக்கு இதுதான் பொருத்தம்.

ஈரடுக்குச் சரிபார்ப்புக் குறியீடு தரும் செயலி அந்தக் கணினியிலேயே இருந்தால் அதன் மீட்புக் குறியீடுகளை முதலில் தாளில் எழுதுங்கள். எனக்கு முதல் ஒத்திகை நின்றது அங்கேதான், பேக்கப் இருந்த சேவைக்குள் நுழைய அந்தக் குறியீடு வேண்டும், குறியீடு அந்த பேக்கப்புக்குள்.

கணக்குப்பிள்ளை:

பெட்டிச் சாவி பெட்டிக்குள்ளே!

ராக்கோழி:

நான் கடைசியாக எடுத்த கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கணினியை அணைத்த நேரத்திலிருந்து, நிஜமான ஒரு வேலைக் கோப்பைத் திறந்து, திருத்தி, அனுப்பி, அச்சிட்டது வரைக்கும்: இரண்டாவது சுற்றில் 6 மணி நேரத்துக்கு மேல், மூன்றாவதில் அந்த யூஐடி கூத்தையும் சேர்த்து 2 மணி 40 நிமிடம். இதில் நிறுவி ஓடிய நேரம் இரண்டு தடவையும் பதினைந்து நிமிடம்தான். டெஸ்க்டாப் தெரிந்ததுமே சோதனை முடிந்தது என்று எழுதியிருந்தால் இரண்டு சுற்றும் ஒரே மாதிரி இருந்திருக்கும்.

வேறு கணினியிலிருந்து இதற்குள் எஸ்எஸ்எச்சில் நுழைபவர்களுக்கு ஒரு குறிப்பு, மறுநிறுவலுக்குப் பிறகு இந்த இயந்திரத்தின் அடையாளமே மாறிவிட்டது என்று பெரிய எழுத்தில் மிரட்டும். யாரும் உள்ளே புகுந்துவிடவில்லை, ஹோஸ்ட் சாவிகள் இடிசியில் இருந்தவை, புதிதாக உருவாகியிருக்கின்றன. அவற்றையும் முன்கூட்டியே எடுத்து வைத்துத் திரும்பப் போட்டால் மிரட்டாது.

புதுவரவு:

நரி அண்ணா, நீங்கள் எப்போது செய்யப் போகிறீர்கள்?

பனங்காட்டுநரி:

முதலில் போஸ்ட்கிரெஸ்ஸை டம்ப் (முழுத் தரவையும் ஒரு கோப்பாக) எடுக்கிறேன், அதை வேறொரு இடத்தில் ஏற்றிப் பார்க்கிறேன், அதுவரை இந்தக் கணினியில் யாரையும் கைவைக்க விடமாட்டேன், என்னையும் சேர்த்துத்தான். ஞாயிற்றுக்கிழமை எஸ்எஸ்டியைக் கழற்றுகிறேன். எம்.2 திருகாணிக்கு ஏற்ற அந்தக் குட்டி ஸ்க்ரூ டிரைவரை எங்கே வைத்தேன் என்றுதான் தெரியவில்லை, அதற்கும் ஒரு பேக்கப் இல்லை.